கெட்ட மாத்திரையும் வேண்டும்

மாத்திரையைச் சோதிப்பவர்கள் காலையில் வந்ததும் முதலில் கைவைப்பது தண்ணீரில். சோதனைக் கருவியின் ஆறு கிண்ணங்களுக்கும் வேண்டிய கரைசலை மொத்தமாகத் தயாரித்து, 41 டிகிரிக்குச் சூடாக்கி, 0.45 மைக்ரான் வடிதாள் வழியாக வேக்குவம் பம்பு போட்டு இழுக்கிறார்கள். இழுத்த பிறகும் ஐந்து நிமிடம் வேக்குவத்திலேயே கலக்கிக்கொண்டிருக்க வேண்டும். நீருக்குள் கரைந்து கிடக்கும் காற்றை விரட்டத்தான் இவ்வளவும். விரட்டாமல் விட்டால், கிண்ணத்தின் வெதுவெதுப்பில் அந்தக் காற்று குமிழியாகத் திரண்டு மாத்திரையின் மேல் ஒட்டும். நனைய வேண்டிய இடத்தை நனையவிடாது. இல்லையென்றால் துகளைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விடும். "டீகேஸ் ஒழுங்கா பண்ணலைன்னா நாள் பூரா வர்ற நம்பர் எதையும் நம்ப முடியாது சார்" என்றார் பம்பருகே நின்ற இளம்பெண். செங்கல்பட்டிலிருந்து லோக்கல் ரயிலில் வருகிறவர், எம்.எஸ்சி. வேதியியல் படித்தவர்.

வெளியூர்க்காரர்களுக்குப் பெருங்களத்தூர் என்றால் பண்டிகைக்கு முந்தின இரவு மூட்டை முடிச்சோடு பஸ்ஸுக்கு நிற்கிற இடம். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்ததும் அந்தக் கூட்டத்தில் பாதி தெற்கே நகர்ந்துவிட்டது. ஜி.எஸ்.டி. சாலை லாரிகளும் பக்கத்திலேயே ஓடும் ரயில்களும் எங்கும் நகரவில்லை. நான் போன ஆய்வகம் இரணியம்மன் கோயிலைத் தாண்டி, சாலையிலிருந்து உள்வாங்கிய ஒரு தெருவில் இருக்கிறது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். மற்ற கருவிகளெல்லாம் மாடியில் இருக்க, மாத்திரையிலிருந்து மருந்து கரைவதை அளக்கும் டிஸ்ஸொல்யூஷன் கருவிகள் மட்டும் தரைத்தளத்தில், கனமான கிரானைட் பலகையின் மேல் உட்கார்ந்திருந்தன. கிண்ணத்து நீர், துடுப்பு சுழற்றுகிற அளவுக்குத்தான் அசையலாம். லாரியின் அதிர்வும் சேர்ந்துகொண்டால் மாத்திரை கொஞ்சம் முன்னதாகவே கரைந்துவிடும். பாஸாகக் கூடாதது பாஸாகும்.

கருவியைப் பார்த்தால் பெரிய மர்மம் எதுவும் இல்லை. வெந்நீர்த் தொட்டி ஒன்று. அதில் கழுத்துவரை அமிழ்ந்த ஆறு கண்ணாடிக் கிண்ணங்கள். ஒவ்வொன்றும் ஒரு லிட்டர் கொள்ளும், அடிப்பாகம் அரைக்கோளம். பெரும்பாலும் 900 மில்லி கரைசல், 37 டிகிரி, அரை டிகிரி கூடலாம் குறையலாம். மேலிருந்து ஒவ்வொரு கிண்ணத்துக்குள்ளும் ஒரு துடுப்பு இறங்குகிறது. இவர்கள் வாயில் அது பேடில், கிண்ணம் பவுல். பேடிலின் அடி விளிம்புக்கும் பவுலின் அடிக்கும் இடையே 25 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், இரண்டு மில்லிமீட்டர் பிசகலாம். அதை அளக்க ஓர் உருண்டை வைத்திருக்கிறார்கள். பவுல் நடுவில் உட்கார்ந்திருக்கிறதா, தண்டு ஆடுகிறதா என்பதற்குத் தனித்தனி அளவிகள். துடுப்புக்குப் பதில் கம்பிவலைக் கூடையும் மாட்டலாம். மருந்துகளின் தரத்தை வரையறுக்கும் நூலான அமெரிக்க பார்மகோபியாவில் கூடை முதலாம் எண், துடுப்பு இரண்டாம் எண். நமது இந்திய பார்மகோபியாவில் நெடுநாள் இது தலைகீழாக இருந்தது. இரண்டு புத்தகங்களையும் மாற்றி மாற்றிப் பார்க்கிற புதுப் பையன்கள் எத்தனை பேர் தப்பான கருவியை மாட்டியிருப்பார்களோ!

மாத்திரை உடைவது ஒன்று, மருந்து கரைவது வேறொன்று. டம்ளர் தண்ணீரில் மாத்திரையைப் போட்டு "பாருங்க, கரையவே இல்ல" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் வீடியோக்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. நொடியில் உடைந்து பொடியாகும் மாத்திரையிலிருந்தும் மருந்து வெளியே வராமல் இருக்கலாம். முழுசாகக் கிடக்கிற மாத்திரை, பத்து மணி நேரத்தில் அளவாக மருந்தை விடுவதற்கென்றே செய்யப்பட்டதாக இருக்கலாம். குடல் உறிஞ்சுவது கரைந்த மருந்தைத்தான்.

இது புரிய உலகத்துக்கு நாளாயிற்று. நாய்ஸும் விட்னியும் திடப்பொருள் கரையும் வேகத்துக்குச் சூத்திரம் எழுதியது 1897-லேயே. மருந்துக்காரர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1968 வாக்கில் ஆஸ்திரேலியாவில் வலிப்பு நோய்க்கான ஃபெனிடாயின் மருந்தில் நிரப்பியாக இருந்த கால்சியம் சல்ஃபேட்டை எடுத்துவிட்டு லாக்டோஸ் போட்டார்கள். மருந்தின் அளவு அதேதான். ஆனால் அது வேகமாக உடலில் ஏறி, நோயாளிகள் தள்ளாடத் தொடங்கினார்கள். 1971-ல் லிண்டன்பாம் குழுவினர் இதயத்துக்கான டிகாக்ஸினை எடுத்துக்கொண்டு, ஒரே அளவு என்று எழுதிய வெவ்வேறு மாத்திரைகள் ரத்தத்தில் ஏழு மடங்கு வரை வித்தியாசம் காட்டுவதைக் கண்டார்கள். டிகாக்ஸினில் போதுமான அளவுக்கும் ஆபத்தான அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. அமெரிக்க பார்மகோபியா 1970 பதிப்பில் ஒருசில மருந்துகளுக்கு மட்டும் இந்தச் சோதனையைச் சேர்த்திருந்தது. அதன் பிறகுதான் வேகம் பிடித்தது.

அன்று ஓடிக்கொண்டிருந்தது ரத்த அழுத்தத்துக்கான ஒரு கூட்டு மாத்திரை. பார்மகோபியாவில் இன்னும் இடம்பெறாதது. ஆகவே செய்முறையை இவர்களே உருவாக்க வேண்டும். என்ன மருந்து, எந்த ஆலை என்பதை எழுதக் கூடாது என்பது நிபந்தனை. ஆறு மாத்திரைகளையும் ஒரே நொடியில் போடுவதில்லை. முதல் பவுலில் போட்டு அரை நிமிடம் கழித்து இரண்டாவது, இன்னும் அரை நிமிடத்தில் மூன்றாவது. எடுக்கும்போதும் அதே வரிசை, அதே இடைவெளி. 15 நிமிடத்தில் எடுக்க வேண்டிய சாம்பிளுக்கு இரண்டு சதவீதம்தான் சலுகை, அதாவது 18 நொடி. செங்கல்பட்டுப் பெண் நீண்ட ஊசி மாட்டிய சிரிஞ்சை இறக்கினார். நீர்மட்டத்துக்கும் துடுப்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், சுவரிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் முனை நிற்க வேண்டும். பத்து மில்லி இழுத்து, முனையில் வடிதாளைத் திருகி, முதலில் வரும் சில மில்லியைக் கழித்துக்கட்டிவிட்டு மீதியைக் குப்பியில் பிடித்தார். அதற்குள் இரண்டாவது பவுலின் நேரம் வந்துவிட்டது. இதையே தானாகச் செய்யும் கருவிகள் உண்டு. விலையைக் கேட்டுவிட்டுப் பேச்சை மாற்றினேன். வரிசை ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த அறையில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. போனெல்லாம் வெளியே பெட்டியில்.

பிரிவின் தலைவி என்னைப் பவுல் பக்கம் குனியச் சொன்னார். அவருக்கு இந்த வேலையில் இருபது வருஷத்துக்கு மேல். எல்லோருக்கும் அவர் மேடம். "அடியில பாருங்க." மாத்திரை உடைந்துவிட்டிருந்தது. ஆனால் உடைந்த பொடி கலையாமல், துடுப்புக்கு நேர் கீழே, களத்தில் கூட்டிய நெல் அம்பாரம்போலக் கூம்பாகக் குவிந்து நின்றது. சுற்றிலும் நீர் சுழல்கிறது. நட்டநடுவில் அது நகரவேயில்லை. நிமிடத்துக்கு 50 சுற்று போதாது. குவியலின் மேல்தோல் மட்டும் கரைகிறது, உள்ளே இருப்பது பத்திரமாக இருக்கிறது. "வயித்துக்குள்ள இப்படி ஒரு மூலை கிடையாது. இது பவுலோட குத்தம், மாத்திரையோடது இல்ல." அப்படியானால் 75 சுற்று வைத்துவிடலாமே என்றேன். "பார்ட்டியும் அதத்தான் கேக்குறாரு" என்று சிரித்தார். பார்ட்டி என்றது மாத்திரையை அனுப்பிய ஆலைக்காரரை.

அவர் ஏன் உடனே ஒப்புக்கொள்ளவில்லை என்பதில்தான் இந்தத் தொழிலே இருக்கிறது. வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் எந்த மாத்திரையும் கரையும். கரையாத மருந்துக்குக் கரைசலில் எஸ்.எல்.எஸ். சேர்க்கலாம், நம் பற்பசையில் நுரை வரவழைக்கும் அதே சோடியம் லாரில் சல்ஃபேட்தான். கொஞ்சம் சேர்ப்பதற்கு நியாயம் உண்டு. ஒரு டோஸைக் கரைக்கத் தேவையானதைப்போல் மூன்று மடங்காவது கரைசலுக்குக் கொள்ளளவு இருக்க வேண்டும் என்பது கணக்கு. அதற்கு மேல் ஊற்றினால் செங்கல் பொடியும் பாஸாகிவிடும். எல்லாம் பாஸாகிற சோதனைக்குக் கிண்ணம் எதற்கு, தண்ணீர் எதற்கு?

அதனால் செய்முறையை உருவாக்குகிறவர்கள் ஆலையிடம் நல்ல மாத்திரையோடு கெட்ட மாத்திரையும் கேட்டு வாங்குகிறார்கள். வேண்டுமென்றே கெடுத்தவை. ஒரு தொகுதியில் மாத்திரையை உடைக்க உதவும் குரோஸ்கார்மெலோஸைக் குறைத்திருப்பார்கள். இன்னொன்றை அழுத்தக் கூடாத அழுத்தத்தில் கல்லாக அடித்திருப்பார்கள். மூன்றாவதில் மெக்னீசியம் ஸ்டியரேட்டை நெடுநேரம் கலக்கியிருப்பார்கள். மாத்திரை அச்சில் ஒட்டாமலிருக்கச் சேர்க்கும் வழவழப்பான பொடி அது. அளவுக்கு மீறிக் கலக்கினால் ஒவ்வொரு துகள் மேலும் மெழுகுபோலப் படிந்து நீரை அண்டவிடாது. ஆலையில் அசந்தால் நிஜமாகவே நடக்கக்கூடிய தப்புகள்தாம் இவை மூன்றும். நல்லதையும் இவற்றையும் அருகருகே ஓட்டி, செய்முறை இரண்டையும் பிரித்துக் காட்டுகிறதா என்று பார்க்கிறார்கள். பிரிக்காத செய்முறை எவ்வளவு அழகான எண்களைத் தந்தாலும் குப்பைக்கு. கெட்ட தொகுதிகளின் டப்பாக்கள் தனி அலமாரியில் பூட்டியிருந்தன. சாவி மேடத்தின் கழுத்துப் பட்டையில்.

எங்கள் ஊர்ப் பக்கத்துக் காற்றும் ஒரு கெட்ட மாத்திரை தயாரிப்பாளன்தான். 1980-களின் கடைசியில் அமெரிக்காவில் கார்பமசெபின் மாத்திரைகள் சிலருக்கு வேலை செய்யாமல் வலிப்பு திரும்பியது. ஈரப்பதத்தில் அந்த மருந்து நீரைப் பிடித்துக்கொண்டு வேறு படிகமாக மாறி இறுகிவிடும். குளியலறை அலமாரியில் மருந்து வைக்காதீர்கள் என்று அங்கே எச்சரித்தார்கள். சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் வீடு முழுக்கக் குளியலறைதான். ரத்த அழுத்த மருந்தான டெல்மிசார்டானை இருபுறமும் அலுமினியம் போட்ட அட்டையில் அடைப்பது பகட்டுக்கு இல்லை. அந்த மாத்திரை ஈரத்தை உறிஞ்சும். அப்பாவுக்காக ஒரு வார மாத்திரையையும் உரித்து டப்பாவில் போட்டு வைக்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்கலாம்.

மாத்திரை கரைவதை நம்பி எவ்வளவு இருக்கிறது என்பதற்குப் பக்கத்திலேயே ஒரு சாட்சி உண்டு. பெருங்களத்தூரிலிருந்து கடற்கரை ரயிலில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் தாம்பரம் சானடோரியம். 1928-ல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக அங்கே தொடங்கிய இடத்தை 1937-ல் அரசு எடுத்துக்கொண்டது. அந்தக் காலத்தில் வைத்தியம் என்றால் நல்ல காற்று, நல்ல சாப்பாடு, நீண்ட ஓய்வு. பிறகு 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் வந்தது. வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட்டவர்கள், சானடோரியப் படுக்கையில் இருந்தவர்களுக்குக் குறையாமல் குணமானார்கள் என்று அதன் சென்னை ஆய்வு 1959-ல் உலகத்துக்குச் சொன்னது. படுக்கை செய்த வேலை மருந்தின் தலையில் ஏறியது. அந்த மருந்து கரையவில்லை என்றால் தாங்கிப் பிடிக்கப் பின்னால் எதுவும் இல்லை.

காசநோய் மாத்திரையின் கிண்ணத்தைப் பார்க்க அழகாக இருக்கும். ரிஃபாம்பிசின் செங்கல் நிறம். சாப்பிடுகிறவர்களுக்குச் சிறுநீரே ஆரஞ்சாகப் போகும். கிண்ணத்தில் போட்ட சில நிமிடங்களில் 900 மில்லியும் சிவந்துவிடுகிறது. சிவந்தால் கரைந்தது என்று நினைத்தால் ஏமாந்தோம். அமிலத்தில் ரிஃபாம்பிசின் தானே கொஞ்சம் சிதையும். கூடவே அதே மாத்திரையில் ஐசோநயாசிட் இருந்தால் சிதைவு இன்னும் வேகமெடுக்கும். சிதைந்த பொருள் ஐசோநயாசிடோடு சேர்ந்து வேறொரு சேர்மமாகும். அதுவும் நிறமுள்ளது. நிறத்தை மட்டும் அளக்கும் கருவிக்கு மருந்தும் சிதைவும் ஒன்றுதான். இந்தச் சிக்கலை 1990-களின் கடைசியிலும் அடுத்த சில ஆண்டுகளிலும் பிரித்துக் காட்டியவர்கள் நம்மவர்கள்: அகமதாபாத் எல்.எம். மருந்தியல் கல்லூரியிலும் மொஹாலி நைபர் நிறுவனத்திலும் இருந்தவர்கள். எனவே இந்த மாத்திரைக்கு, கலந்திருக்கும் பொருள்களைப் பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி. கருவி வேண்டும். சாம்பிளை எடுத்த கையோடு சிதையாமல் காக்க அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி, சேர்ப்பதும் வழக்கம். 2017-ல் நம் காசநோய்த் திட்டம் தினசரிக் கூட்டு மாத்திரைக்கு மாறிய பிறகு, இந்தக் கிண்ணத்துச் சங்கதி லட்சக்கணக்கானவர்கள் வயிற்றுச் சங்கதி.

செய்முறை உருவான பிறகு வருவது வேலிடேஷன். மேடத்துக்குப் பிடித்த வேலை இதுவல்ல என்று முகத்திலேயே தெரிந்தது. ஆனால் மாதக்கணக்கில் நேரத்தைத் தின்பது இதுதான். மருந்தே இல்லாத வெறும் நிரப்பிகளை ஓட்டிப் பார்க்க வேண்டும். தெரிந்த அளவு மருந்தைப் பவுலில் போட்டு அவ்வளவும் திரும்பக் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிஹெச்சைக் கொஞ்சம் ஏற்றி இறக்கி, வேகத்தைக் கொஞ்சம் மாற்றி, எண்கள் தடுமாறுகின்றனவா என்று பார்க்க வேண்டும். வேறொருவர் வேறொரு நாளில் வேறொரு கருவியில் செய்தாலும் சராசரிகள் நெருங்கி நிற்க வேண்டும். மருந்து 85 சதவீதத்துக்கு மேல் கரைந்த கட்டத்தில் ஐந்துக்கு மேல் விலகலாகாது, அதற்கு முன்னால் என்றால் பத்து.

இதில் நான் எதிர்பாராதது வடிதாள். நைலான் வடிதாள் சில மருந்துகளைத் தன்மேல் இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். மாத்திரை ஒழுங்காகக் கரைந்திருக்கும். வடிதாளில் பாதி தங்கிவிட, மாத்திரை ஃபெயில் என்று தாளில் ஏறும். முதல் சில மில்லியைக் கழிப்பது இதற்குத்தான். வடிதாளின் பசி அதில் அடங்கிவிடுகிறது. எத்தனை மில்லியில் அடங்குகிறது என்பதைச் சோதித்துத்தான் செய்முறையில் எழுத வேண்டும். அந்த வரியை எழுதாமல் விட்ட ஓர் ஆலையின் செய்முறையோடு வாரக்கணக்கில் மல்லுக்கட்டிய கதையைச் சொன்னார்கள். ஆலையின் எண்ணும் இவர்கள் எண்ணும் ஒட்டவே இல்லையாம்.

ஃபெயில் என்பதும் ஒரே வெட்டில் வருவதில்லை. குறித்த நேரத்துக்குள் மருந்தில் எத்தனை சதவீதம் கரைய வேண்டும் என்பதற்கு க்யூ என்று ஓர் எல்லை உண்டு. 80 என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆறு மாத்திரைகளில் ஒவ்வொன்றும் 85-ஐத் தொட்டுவிட்டால் முடிந்தது. இல்லையென்றால் இன்னும் ஆறு. பன்னிரண்டின் சராசரி 80-க்குக் குறையக் கூடாது, எதுவும் 65-க்குக் கீழே போகக் கூடாது. அதிலும் தேறாவிட்டால் இன்னும் பன்னிரண்டு. 24-ல் இரண்டுக்கு மட்டும் 65-க்குக் கீழே இறங்க அனுமதி. அவையும் 55-க்குக் கீழே போகக் கூடாது. ஒன்றிரண்டு மாத்திரைகள் சோம்பலாக இருக்கலாம் என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. ஓட்டினதை மறைத்துவிட்டுத் திரும்ப ஓட்டுவதைத்தான் ஒப்புக்கொள்வதில்லை. கணினியில் ஒவ்வொரு தொடுதலும் பதிவாகிறது. கையால் எழுதும் பதிவேட்டில் அடித்தால் கீழே இருப்பது தெரியும்படி ஒரே கோடு, கையெழுத்து, தேதி.

ஆலத்தூர் சிட்கோ மருந்துத் தொழிற்பேட்டை மாதிரி இடங்களின் சிறு ஆலைகளுக்கு இதெல்லாம் செலவுதான். 2017 ஏப்ரல் முதல் எளிதில் கரையாத வகை மருந்துகளின் ஜெனரிக்குகளுக்கு, மூல மருந்துக்கு நிகராக உடலில் ஏறுகிறதா என்று மனிதர்களில் பார்க்கும் சமநிலைச் சோதனை கட்டாயம். 2023 டிசம்பர் கடைசியில், மருந்து ஆலைகளுக்கான தர விதிகளான ஷெட்யூல் எம் திருத்தப்பட்டு வந்தது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1990-களின் நடுவிலிருந்தே, வாங்கும் மருந்துகளைத் தயாரிப்பாளர் யாரென்று தெரியாதபடி குறியீடு போட்டு ஆய்வகங்களுக்கு அனுப்புகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதந்தோறும் வெளியிடும் தரமற்ற மருந்துப் பட்டியலில் காரணம் என்ற இடத்தில் பெரும்பாலும் "டிஸ்ஸொல்யூஷன்" என்று ஒரு சொல்தான். 79-ல் தோற்றதா, 20-ல் தோற்றதா? முதலாவது கைப்பிசகாக இருக்கலாம். இரண்டாவது நோயாளிக்குச் செய்த துரோகம். எண்ணைப் போட ஒரு கட்டம் கூடுதலாக வைத்தால் என்ன? 2025 அக்டோபரில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் சிரப்பின் விஷம் குழந்தைகளின் மரணத்தால் வெளியே தெரிந்தது. கரையாத பி.பி. மாத்திரை அப்படித் தெரியாது. டாக்டர் டோஸைக் கூட்டுவார். பக்கவாதம் வந்தால் விதி என்பார்கள்.

மதியத்துக்கு மேல் ஆலைக்காரர் போனில் வந்தார். என் எதிரிலேயே ஸ்பீக்கரில் போட்டார் மேடம், நான் இருப்பதைச் சொல்லிவிட்டு.

"என்ன மேடம், 75 போட்டுரலாமா?"

"போடலாம் சார். அடியில குவியுது, நானே பாத்தேன். 50 வெச்சா உங்க மாத்திரைக்கு அநியாயம்."

"அப்புறம் என்ன?"

"75-ல 30 நிமிஷத்துல உங்க நல்லதும் பாஸ், நீங்க கல்லு மாதிரி அடிச்சு அனுப்பினீங்களே, அதுவும் பாஸ். ரெண்டும் ஒண்ணா நிக்குது."

மறுமுனையில் கொஞ்சம் மௌனம். "15 நிமிஷத்துல?"

"அங்க தெளிவா பிரியுது. எஃப்-2 50-க்குக் கீழ."

இரண்டு கரைவு வளைவுகள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதற்கு மூரும் ஃப்ளானரும் 1996-ல் சொன்ன கணக்கு இந்த எஃப்-2. முழுசாக ஒத்தால் 100. எல்லாப் புள்ளியிலும் பத்து சதவீதம் விலகினால் 50.

"15 வேணாம் மேடம். என் நல்ல பேட்சே அங்க முக்கி முனகித்தான் பாஸாகும். நாளைக்கு ஸ்டெபிலிட்டில வெச்சு ஆறு மாசம் ஆனா கொஞ்சம் இறங்கும்ல?"

"அதனாலதான் 20-ல ஒரு பாயின்ட் எடுத்து வெச்சிருக்கேன். அங்கயும் கெட்டது 80-ஐத் தொடல. 75 சுத்து, 20 நிமிஷம், க்யூ 80. இதுக்கு மேல என்னால இறங்க முடியாது சார்."

டைரக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று அவர் வைத்துவிட்டார். ஒப்புக்கொள்வார் என்று மேடத்துக்கு நம்பிக்கை. பேரம்போல இருந்தாலும், இதில் இரண்டு பேருமே நியாயத்தின் பக்கம்தான் நின்றார்கள் என்று எனக்குத் தோன்றியது. 30 நிமிடத்தையே கடைசிவரை பிடித்துக்கொண்டு, வேறு ஆய்வகம் தேடிப் போகிறவர்களும் உண்டாம்.

மேடம் வேலிடேஷன் வரைவைத் திறந்து நேரம் என்ற இடத்தில் 20 என்று திருத்தினார். செங்கல்பட்டுப் பெண் அலமாரியிலிருந்து நைலானில் ஒரு பெட்டி, பி.வி.டி.எஃப். வகையில் ஒரு பெட்டி எடுத்து, தொகுதி எண்களைப் பதிவேட்டில் எழுதத் தொடங்கினார். திங்கட்கிழமை காலை முதல் வேலை வடிதாள் சோதனை.